நாய்க்குப் பெயர் இருக்கிறது

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முப்பது பேர் இருப்போம். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு தோல்பெட்டி. ஓக் பலகையில் செய்து, மேலே தோல் போர்த்தி, மூலைகளுக்குப் பித்தளை அடித்த பெட்டி. திறந்ததும் உள்ளே சிவப்புக் கம்பளித் துணி, துடைப்பான் கழிகள், சின்ன எண்ணெய்க் குப்பி, தோட்டா பிடுங்கும் கொறடு. மூடியின் உட்பக்கம் பர்மிங்ஹாம் தயாரிப்பாளரின் காகித முத்திரை. துப்பாக்கி வைக்கும் பள்ளம் மட்டும் காலி.

துப்பாக்கி இங்கே இல்லை. இங்கிலாந்தில், பெட்டியின் சொந்தக்காரருடைய மகன் வீட்டில், பூட்டிய இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. அதை நாங்கள் திரையில் படமாகத்தான் பார்த்தோம். ஒரு காலத்தில் புரோவின்ஸ் வெல்லஸ்லியில் தோட்டத்துரையாக இருந்த ஒருவரின் துப்பாக்கி அது. 1950களில் ஊர் திரும்பியபோது அவர் கையோடு கொண்டுபோயிருக்கிறார். பேரப்பிள்ளைகள் ஏலத்துக்கு விட, நம் தமிழ்ப் பையன் வாங்கியிருக்கிறான். துருவை நீக்கி, குழலுக்கு மறுபடி கருமை ஏற்றி, கட்டைக்கு எண்ணெய் ஊட்டி, உடைந்திருந்த உள்வில்லை மாற்றி, இரண்டு வருஷம் செலவழித்துப் புதுசாக்கியிருக்கிறான். பெட்டியும் கூடவே வந்த ஒரு புகைப்படமும் பினாங்குக்கு அப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அப்பாதான் அன்றைக்குப் பேசினார்.

நன்றாகவே பேசினார். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கடைசிக்கு முந்தி அந்தப் புகைப்படத்தைத் திரையில் போட்டார். செத்த புலி ஒன்று. அதன் தலைமேல் பூட்ஸ் காலை வைத்தபடி துரை. பக்கத்தில் இன்னொரு வெள்ளைக்காரர், காலடியில் ஒரு நாய். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையோடு நிற்கும் நான்கு பேர். அதில் ஒருத்தர் கையில் அந்தத் துப்பாக்கி. துரையிடம் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் மையால் எழுதிய வரி: இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர், நாயின் பெயர், கடைசியில் “மற்றும் கூலிகள்”.

நான் கையைத் தூக்கி, “அண்ணே, துப்பாக்கியப் புடிச்சிருக்கிறவரு யாரு?” என்றேன்.

அவர் சிரித்தார். “தம்பி, அதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும்? இதுல அரசியல் வேண்டாமே. இது கைவினை. கைவினையா மட்டும் பாருங்க.”

அறையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்காக எழுதுவது. அவர் நல்ல மனிதர். அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. “கைவினையா மட்டும் பாருங்க” என்ற வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பினாங்கில் அது துப்பாக்கிக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. பங்களாவுக்கு, ஹோட்டலுக்கு, மாடிப்படிக்கு, தரை ஓட்டுக்கு, பழைய கடிகாரத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் ஏறியதிலிருந்து இந்த ஊரில் அது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது.

சரி, கைவினையாகவே பார்ப்போம்.

அது பெரிய கைவினைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கி என்பது மனிதர் செய்த நேர்த்தியான கருவிகளில் ஒன்று. பன்னிரண்டு போர் என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டைக்கு இருக்கும் விட்டம்தான் அந்தக் குழலின் விட்டம். கணக்கே கொல்லுப்பட்டறைக் கணக்கு. பழைய டமாஸ்கஸ் குழல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, தட்டி நாடாவாக்கி, அந்த நாடாவை ஓர் உருளைமேல் பாம்பு சுற்றுவது போலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்குவார்கள். பிறகு உள்ளே துளைத்து, வெளியே அரம் போட்டு, வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். துருவைத் தேய்ப்பது, மறுபடி துருவேற்றுவது, மறுபடி தேய்ப்பது. இப்படிப் பல நாள் செய்தபின் அந்த முறுக்கு பட்டுச்சேலைக் கரை மாதிரி மேலே எழுந்துவரும். கரிமருந்துக் காலத்துக் குழல்கள் அவை. புகையில்லாத மருந்து வந்தபின் அழுத்தம் கூடியது. பழைய குழலில் புதுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடதுகை விரல்கள் போகலாம். குழல் வெடிக்கும் ஆபத்து எப்போதுமே இருந்ததால்தான் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் சோதனைச்சாலை வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்தால் சுட்டுப் பார்த்துக் குழலில் முத்திரை குத்தினார்கள். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இலிருந்து இருக்கிறது. முத்திரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் குழலின் ஜாதகமே தெரியும்.

பூட்டு இன்னும் அழகு. 1875இல் ஆன்சன், டீலி என்ற இரண்டு பேர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குழலை மடக்கித் திறக்கும் அசைவே உள்ளிருக்கும் சுத்தியலை இழுத்து நிறுத்திவிடும். வெளியே சுத்தியல் என்று ஒன்று தேவையில்லாமல் போனது. உறுப்புகள் கொஞ்சம், உழைப்பு அதிகம். காலனி நாடுகளுக்குப் போன துப்பாக்கிகளில் பெரும்பங்கு இந்த வகைதான். மழையிலும் சேற்றிலும் தாங்கும், தோட்டத்துக் கொல்லரே பிரித்து மாட்டலாம். லண்டனில் பர்டி கம்பெனிக்காக பீஸ்லி செய்த பூட்டு 1880 வாக்கில் வந்தது. சுட்டபின் தானே விரிந்து திறக்கும். அதைக் கையில் வாங்கித் திறந்து பார்த்தவர்கள் அதைப் பற்றி மயக்கத்தோடுதான் பேசுவார்கள். புரிகிறது.

ஆனால் கைவினை என்றால் கை இருக்கணும் இல்லையா? யாருடைய கை? குழல் அரம் போட்டவர் ஒருத்தர், பூட்டுச் செய்தவர் ஒருத்தர், கட்டை செதுக்கியவர் ஒருத்தர், சித்திரம் கீறியவர் ஒருத்தர். பர்மிங்ஹாமில் அவர்கள் பெரும்பாலும் சின்னச்சின்னக் கொட்டகைகளில் துண்டுக்கூலிக்கு வேலை செய்தவர்கள். வெளியே தெரிவது கம்பெனி முதலாளியின் பெயர் மட்டும். சில துப்பாக்கிகளில் குழலைக் கழற்றிக் கவிழ்த்தால், யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தில், இரண்டெழுத்து குத்தியிருக்கும். வேலைக்காரர் தன் பெயரின் முதலெழுத்தை அங்கே ஒளித்து வைத்திருக்கிறார். உண்மையான சேகரிப்பாளர்கள் அந்த இரண்டெழுத்தைத் தேடிப்பிடித்து, அது யார், எந்தத் தெருவில் பட்டறை வைத்திருந்தார் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்து எழுதுகிறார்கள். நான் மதிக்கும் வேலை அது. அதே ஆர்வம் துப்பாக்கி கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியதும் எங்கே போய்விடுகிறது? பர்மிங்ஹாம் கொட்டகைக்காரரின் இரண்டெழுத்துக்கு இருக்கும் மரியாதை, நிபோங் தெபால் பக்கம் அதைத் தூக்கிச் சுமந்தவருக்கு ஏன் இல்லை? இங்கேதான் “கைவினையா மட்டும்” என்பதில் வரும் ‘மட்டும்’ எதை மறைக்கிறது என்று தெரிகிறது.

புதுப்பித்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒத்துக்கொள்ளும் விஷயம் இது: அதிகமாகப் புதுப்பித்த துப்பாக்கிக்கு மதிப்புக் குறைவு. குழலின் சுவர் தேயும், சித்திரத்தின் கூர்மை மழுங்கும். கட்டையின் பிடியில் வைரம் வைரமாகக் கீறியிருக்கும் சொரசொரப்பைத் திரும்பக் கீறினால் பழைய வரி செத்துப்போகும். கட்டையில் விழுந்த பள்ளத்துக்கு ஈரத்துணி போட்டு, சூட்டுக்கம்பியால் ஆவி ஏற்றினால் மரநார் ஊதி மேலே வந்துவிடும். பள்ளம் இருந்த இடமே தெரியாது. அன்றைக்குத் திரையில் அதைத்தான் காட்டினார்கள். முன்னே, பின்னே என்று இரண்டு படம். முன்னே இருந்த படத்தில் கட்டையின் இடப்பக்கம் முழுக்கத் தேய்ந்து கருத்திருந்தது. வேட்டைக்குப் போகிற துரை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் நடக்கமாட்டார். சுடும் நேரத்தில் மட்டும் வாங்குவார். மற்ற நேரமெல்லாம் அது இன்னொருவர் தோளிலும் கையிலும்தான் கிடக்கும். மூன்று கிலோ எடை. அந்தக் கருப்பு வேர்வையின் கருப்பு. எண்ணெயும் வேர்வையும் முப்பது வருஷம் ஊறினால்தான் வால்நட் மரம் அப்படி ஆகும். அந்தப் போட்டோவில் பெயரில்லாமல் நிற்கிறாரே, அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து அது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, “பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு” என்கிறார்கள். கைதட்டல் வேறு.

இதற்கு என் பக்கத்திலிருந்து வந்த பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் முடிந்து பெனாங் ஸ்ட்ரீட்டில் டீ குடிக்கும்போது ஓர் இளம் கவிஞர் சொன்னார்: “இதையெல்லாம் உருக்கிக் கடல்ல போடணும் சார்.” கைதட்ட ஆள் இருந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும். உருக்கினால் என்ன மிஞ்சும்? துரையின் துப்பாக்கியை உருக்கினால் கூடவே உருகுவது அந்தக் கருப்பும்தானே. நாம் எதையும் உருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே நிறையத் தொலைத்தாகிவிட்டது. பால் வெட்டும் கத்தி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? பால் வாளி? பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட செக்ரோல் புத்தகம்? தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது லயத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில் சில வருஷம் முன்பு ஒரு பால்கத்தி கிடைத்தது. விலை கேட்டேன். கடைக்காரர் கையை விசிறி, “சும்மா எடுத்துட்டுப் போ” என்றார். பக்கத்திலேயே ஈலி கம்பெனியின் காலித் தோட்டா டப்பா ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சென்ட் குறைக்கவில்லை.

அந்தத் துப்பாக்கி ஏன் இந்த ஊரில் ‘ஸ்போர்ட்ஸ்’ சாமானாக இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு பொருள் விளையாட்டுப் பொருளா, கொலைக்குற்றத்துக்குச் சமமான பொருளா என்பதைப் பொருள் தீர்மானிக்கவில்லை. பிடித்திருக்கும் கை தீர்மானித்தது. நம் பக்கத்தில் இது பழைய கதை. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்ட கையோடு, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி ஆணை போட்டது. 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியாவில் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது, வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்தது. லிட்டனுக்குப் பிறகு வந்த வைஸ்ராய் ரிப்பன். “ரிப்பன் எங்கள் அப்பன்” என்று தமிழர் கொண்டாடிய ரிப்பன், சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்துக்கே பெயர் கொடுத்தவர். அவர் லிட்டனின் சுதேசிப் பத்திரிகைச் சட்டத்தை 1882இல் நீக்கினார். ஆயுதச் சட்டத்தைத் தொடவில்லை. எழுதலாம், கையில் எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது.

அந்த ரிப்பனுக்கு ஒரு மகன். இரண்டாம் ரிப்பன் பிரபு. துப்பாக்கிச் சேகரிப்பாளர்களிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். இங்கிலாந்தின் தலைசிறந்த குறிகாரர்களில் ஒருவர், பர்டி துப்பாக்கிகளுக்கு வாழும் விளம்பரமாக இருந்தவர். 1867 தொடங்கி 1923 வரை எத்தனை உயிர் வீழ்த்தினார் என்று கணக்கு எழுதியே வைத்தார். 5,56,000க்கும் மேல். பெரும்பாலும் பறவைகள். 1923இல் ஒரு நாள் காலையில் பறவை சுட்டுவிட்டு அந்த மேட்டிலேயே இறந்துபோனார். மகன் ஐந்தரை லட்சத்தை வீழ்த்திக்கொண்டிருந்த காலத்தில், அப்பன் ஆண்ட நாட்டில் காட்டுப்பன்றி விரட்ட ஒரு நாட்டுத்துப்பாக்கி வைத்திருக்க விவசாயி மனுப் போட்டு நின்றான். இதைச் சொன்னால் அரசியல். சொல்லாமல் விட்டால் கைவினை.

மலாயாவுக்கு வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது சம்பள உயர்வு மட்டுமில்லை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கணும் என்ற விதி போகணும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள், கூட்டம் கொதித்தது, ராணுவம் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்கு அது விலை.

அதே வருஷம் டிசம்பர். ஜப்பான்காரன் குண்டு 11ஆம் தேதி பினாங்கில் விழுந்தது. 16ஆம் தேதி ராத்திரி வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் கப்பலேறினார்கள். ஆசியாக்காரர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. ஊரைப் பார்த்துக்கொண்டது விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள். ஸ்ட்ரேய்ட்ஸ் எக்கோ ஆசிரியர் சரவணமுத்து, யாழ்ப்பாண வழித் தமிழர், பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். மேலும் குண்டு போடாதே என்று சொல்ல அதைவிட வேறு வழி அவருக்கு இல்லை.

எங்கள் தாத்தா அப்போது புரோவின்ஸ் வெல்லஸ்லியில் ஒரு தோட்டத்தில் பங்களா வேலையில் இருந்தார். துரையின் துப்பாக்கிகளைத் துடைப்பது அவர் பொறுப்பு. இரண்டு இருந்ததாம். மழைக்காலத்தில் தினம் துடைக்கணும், ஒரு நாள் விட்டால் குழலுக்குள் செந்நிறப் பொட்டு வந்துவிடும். பொட்டு வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. துரை கிளம்பிய ராத்திரி இரண்டையும் தாத்தாவிடம் கொடுத்து, மறைத்து வை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஜப்பான்காரன் கையில் அகப்பட்டால் தலை போய்விடும். தாத்தா கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புதைத்தார். மூன்றரை வருஷம் அதன்மேல் மரவள்ளி நட்டுப் பிழைத்தார்கள். அதற்கிடையில் தாத்தாவின் தம்பியை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை.

போர் முடிந்து துரை வந்தார். மெலிந்துபோய், சிறை முகாமில் கிடந்து வந்திருந்தாராம். பாவம்தான். தாத்தாவைக் கூப்பிட்டார். முதல் கேள்வி: “துப்பாக்கி எங்கே?” தாத்தா தோண்டி எடுத்துக் கொடுத்தார். துரை குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஒரு பொட்டு இல்லை. “குட்” என்றாராம். தம்பியைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, தாத்தா சொல்லவுமில்லை. இதை எங்கள் வீட்டில் பெருமையாகத்தான் சொல்வார்கள். “ஒரு பொட்டு இல்ல தெரியுமா?” என்று பாட்டி சொல்லும்போது முகம் மலரும். எனக்கும் நாற்பது வயசு வரை அது பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த “குட்” தொண்டையில் மாட்டிக்கொண்டது. பெருமையும் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியைத் துருவேறாமல் காப்பாற்றத் தெரிந்த மனுஷனின் பேரன் நான்.

1948க்கு வந்தால் துப்பாக்கியின் அர்த்தம் இன்னொரு தடவை மாறுகிறது. அந்த ஜூன் மாதம் நிபோங் தெபால் கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் துரை அவருடைய பங்களாவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்ணூற்றொன்பது கதவு பங்களா என்று இன்றைக்கு யூடியூப்காரர்கள் பேய் தேடிப் போகிறார்களே, அதே பங்களா. அதே ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைகள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. தோட்டத்துரைகளிடம் துப்பாக்கி இருப்பது கடமையானது. மற்றவரிடம் அனுமதியில்லாமல் இருந்தால் தூக்கு.

தூக்கு என்பது சும்மா சொல்லில்லை. தஞ்சைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து இங்கே வளர்ந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள். யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை, வைத்திருந்தார் என்பதுதான் குற்றம். இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அந்தத் தோல்பெட்டிக்காரத் துரை அதே 1949இல் எங்கேயோ புரோவின்ஸ் வெல்லஸ்லியில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருப்பார். சிவப்புக் கம்பளியில் அது படுத்திருந்தது. ஆறு தோட்டா இல்லை, டப்பா டப்பாவாகத் தோட்டா. துரையை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. எல்லா வேட்டைக்காரத் துரைகளும் ஒரே அச்சில்லை என்பதும் தெரியும். தியோடர் ஹப்பேக் யானையும் காட்டெருமையும் சுட்டுப் புத்தகம் எழுதியவர், பிறகு மனம் மாறிக் காட்டு விலங்குகளுக்காக மல்லுக்கட்டினார். இன்றைய தாமான் நெகாராவுக்கு அவர் முக்கியக் காரணம். ஆனால் அந்தப் பெட்டியைப் பினாங்கில் ஒரு மேசையில் திறந்து வைத்து, தமிழில் ஒரு மணி நேரம் பேசி, அதில் கணபதியின் பெயர் ஒரு தடவைகூட வராமல் முடிக்க முடிகிறதென்றால், கூடவே என்னவெல்லாம் தேய்த்து எடுக்கப்பட்டது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இன்றைய சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குக் கேள்வி நேரத்தில் ஒருத்தர் ரொம்ப ஏக்கமாக, “நம்ம ஊர்ல ஏன் இப்படிச் சேர்க்க முடியல?” என்று கேட்டார். 1960 ஆயுதச் சட்டம், அதன்மேல் 1971இல் வந்த சுடுகருவிகள் தண்டனை அதிகரிப்புச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாமல். குற்றம் செய்யும்போது சுட்டால் கட்டாய மரணதண்டனை என்று இருந்தது. அந்தக் ‘கட்டாயம்’ 2023இல்தான் போனது. அவசரகாலத்தின் நிழல் அவ்வளவு நீளம். நம் ஊரில் துப்பாக்கி சேகரிப்பது பொழுதுபோக்காக முடியாமல் போனதற்கே இந்த வரலாறுதான் காரணம். ஏக்கப்பட்டவர் அதையாவது தெரிந்துகொண்டு ஏக்கப்படட்டும். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஆயர் ஈத்தாமில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வளர்ந்தவன் நான். மலாயில் அந்த இடத்துக்கு பாடாங் தெம்பாக் என்று பெயர், சுடும் திடல். குறி பார்த்துப் பழகிய வெளியில்தான் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீட்டு முகவரியிலேயே துப்பாக்கி இருந்தது எங்களுக்கு, தனியாகச் சேர்க்கணுமா?

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். பெரிசாக ஒன்றுமில்லை. பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், காட்டுங்கள், பித்தளை மூலையை மெச்சுங்கள், நானும் மெச்சுகிறேன். குழலில் துரு ஓடினால் நிறுத்துங்கள். துருவை நிறுத்துவது வேறு, தழும்பை அழிப்பது வேறு. கட்டையில் கைபட்ட கருப்பைத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே தேய்த்தாகிவிட்டது என்றால் ‘முன்னே’ படத்தைத் திரையில் ஒரு நொடி காட்டி மாற்றாமல், பெரிதாக அச்சடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சோதனைச்சாலை முத்திரையைப் படிக்கிற பொறுமையில் கால்வாசியைத் தோட்டத்துச் செக்ரோலைத் தேடுவதற்குச் செலவிடுங்கள். கோயில் நன்கொடைக் கல்வெட்டில் பெயர்கள் இருக்கும், பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும். அந்தத் தோட்டத்தில் பிறந்த கிழவிகள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் சொல்வார்கள். அவர்களுக்கும் அவசரம் இருக்கிறது. “மற்றும் கூலிகள்” என்ற வரியை அழிக்கச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடுங்கள்.

கூட்டம் கலைந்தபின் அந்த அண்ணனிடம் போய் இதையெல்லாம் இவ்வளவு நீளமாக இல்லாமல் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். அந்தக் காலத்துப் புகைப்படங்களின் பின்பக்கம் பென்சிலால் எதாவது எழுதியிருப்பார்கள், தேதி, இடம், சில சமயம் பெயர்கூட இருக்கும், ஃபிரேமைக் கழற்றிப் பார்த்தீர்களா அண்ணே என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். இப்போது பார்க்கலாமா என்றேன். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும், மேசையிலேயே இருந்தது, துப்பாக்கிக்கான பெட்டிக்குள்.

அவர் ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தார். பழைய பழுப்புக் காகிதம், ஒட்டி நூறு வருஷம் இருக்கும். விரலால் ஓரத்தைத் தடவினார். “வேணாம் தம்பி,” என்றார். “ஒரிஜினல் ஒட்டு. கிழிச்சா வேல்யூ போயிடும்.”